உதிர்ந்த பழத்தை யார் கவனிப்பது?

சகோதரிகளே, கொய்யாவையோ மாம்பழத்தையோ நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறதே, அது பழ ஈ செய்கிற வேலை. காய் பழுக்கும் சமயத்தில் பெண் ஈ தோலில் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து விடுகிறது. வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும்.

"மருந்தடிங்க" என்று சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். நாளைக்குப் பறித்துப் பிள்ளை கையில் கொடுக்கப் போகிற பழத்தில் விஷத்தைத் தெளிப்பதா? அதற்கு வாசனைப் பொறி எவ்வளவோ மேல். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளில் ஊறிய கட்டையை, ஓட்டை போட்ட பாட்டிலுக்குள் வைத்து மரத்தில் தொங்க விட்டால் ஈ தானாகத் தேடி வரும். நம் துளசியிலும் இந்த வாசனைச் சத்து உண்டு. பீகாரில் பூசா என்ற ஊரில் ஹௌலெட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1915-லேயே இதைப் பற்றி எழுதி விட்டார். (கட்டையில் பூச்சி மருந்தும் கலந்திருக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.)

ஆனால் ஒரு விஷயம். பாட்டிலில் மாட்டுவது ஆண் ஈ மட்டும்தான்! முட்டை வைக்கிற மகராசி அந்தப் பக்கமே வர மாட்டாள். ஆண் ஈ குறைந்தால் பெண் ஈக்கு ஜோடி கிடைக்காது, அதுதான் கணக்கு. பசிபிக் கடலில் ரோட்டா என்கிற தீவில் 1960-களில் இந்த வாசனையை வைத்தே பழ ஈயை ஒழித்தார்கள். சுற்றிலும் கடல், தீவு முழுக்கப் போட்டார்கள், பலித்தது. நம் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கட்டினால், அடுத்த கொல்லையில் ஜோடி சேர்ந்த ஈ சும்மா இருக்குமா? தெருவே சேர்ந்து கட்டணும்.

அதைவிட முக்கியம், உதிர்ந்த பழம். புழு பழத்தோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்புகிறது. அந்தப் பழத்தைக் கூட்டிக் குப்பைமேட்டில் கொட்டினால் நாமே ஈ வளர்க்கிற மாதிரிதான். 2 அடிக் குழி தோண்டிப் புதைக்கணும். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டு விடணும்.

கொல்லையைக் கூட்டுவது யார்? நாம்தானே. பயிற்சி, கூட்டம் என்றால் மட்டும் வீட்டுக்காரருக்குத்தான் அழைப்பு வருகிறது. பாட்டில் மாட்டுகிறவருக்குச் சொல்வதை, பழம் பொறுக்குகிறவளுக்கும் சொன்னால் என்ன? எங்கள் மதுரைக்கு ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியே இருக்கிறது. மகளிர் குழுக்கள் சேர்ந்து போய்க் கேட்கலாம்.

பாகல், புடலை, பீர்க்கு போட்டிருப்பவர்கள் கவனியுங்கள்: அதில் விழும் ஈ வேறு ஜாதி, இந்த வாசனைக்கு வராது. கடையில் 'கியூ லூர்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

– ஓர் இல்லத்தரசி, கீழக்குயில்குடி.