மேப்பிள் இலையை விடுங்கள், அந்தப் பழக்கத்தை எடுங்கள்

செப்டெம்பர் பிறந்தால் நம் பெண்களின் போன்களில் அமெரிக்காவின் இலையுதிர் காலம் தொடங்கிவிடும். குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்பு, அதற்கு மேலே சுவரோடு ஒரு நீளத் தட்டு. அதைத்தான் மேன்டல் என்கிறார்கள். அந்தத் தட்டில் ஒரு பெண் பூசணிக்காய், காய்ந்த சோளக்கதிர், சிவந்த இலைகள், மெழுகுதிரி என்று அடுக்குவார். நம் சகோதரிகள் லைக் போடுவார்கள். அடுத்த கிழமை கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் மேப்பிள் இலை மாலை வாங்கி வந்து ஷோகேஸில் தொங்கவிடுவார்கள். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம் என்று வரும்போது அதே மாலை வகுப்பறைச் சுவருக்கும் வந்து சேரும்.

வீட்டை அழகாக வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கச் சமைத்துக் கழுவிக் களைத்த ஒரு பெண், தன் கண்ணுக்கு இதமாக ஒரு மூலையை வைத்துக்கொள்வது நல்ல விஷயம். என் வருத்தம் வேறு. அந்த வீடியோக்களிலிருந்து எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை எடுத்திருக்கிறோம்.

நல்ல வீடியோக்களைக் கவனமாகப் பாருங்கள். அந்தப் பெண் முதலில் கடைக்குப் போவதில்லை. தட்டில் இருப்பதையெல்லாம் இறக்கித் துடைக்கிறார். பிறகு தன் வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். அலுமாரிக்குள் கிடந்த பித்தளை மெழுகுதிரித் தண்டு, குசினியில் இருந்த பழைய ஜாடி, உறை கிழிந்த தடித்த புத்தகங்கள், மாமியார் கொடுத்த கண்ணாடிச் சட்டம். உயரமானதைப் பின்னால் வைக்கிறார், குட்டையானதை முன்னால் வைக்கிறார், புத்தகத்தை அடுக்கி அதன்மேல் சின்னதை ஏற்றுகிறார். தோட்டத்துக் கிளையொன்றை வெட்டி ஜாடியில் போடுகிறார். இன்னும் ஏதாவது குறைந்தால்தான் பழைய சாமான் கடைக்குப் போகிறார்.

அந்தப் பழைய சாமான் கடைகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் பெயர்பெற்ற குட்வில் 1902 இல் பொஸ்டன் நகரில் தொடங்கியது. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியான வீடுகளில் கழித்த உடுப்புகளையும் தளபாடங்களையும் சேகரித்தார். வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு அவற்றைத் திருத்தி விற்றார், அவர்களுக்குக் கூலியும் கொடுத்தார். ஒருவர் கழித்த பொருள் இன்னொருவருக்குச் சோறு போட்டது. அதனால்தான் அந்த மேன்டலில் இருக்கும் பழைய ஜாடியை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை.

இலைக்கும் அங்கே ஒரு காரணம் இருக்கிறது. பகல் குறைந்து குளிர் நெருங்கும்போது இலையின் பச்சையம் சிதைகிறது, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பும் சேர்ந்து உண்டாகிறது. சோளமும் பூசணியும் அறுவடையாகும் காலமும் அதுதான். அந்தப் பருவம் நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தோடு முடியும். ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத்தான் அவர்கள் ஜன்னலுக்கு உள்ளே கொண்டு வருகிறார்கள்.

நமக்கு வெளியே என்ன இருக்கிறது? ஒக்டோபரில் நாம் மாரி மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம், வயலில் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருக்கும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் இலையைக் காட்டி, "டீச்சர், இது எந்த மரம்? எங்க நிக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? மைதானத்திலேயே ஒரு மரம் நிற்கும், சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே, அது. அதன் அகன்ற இலைகளும் உதிருமுன் நன்றாகச் சிவக்கும். அதைப் பொறுக்கி வந்து ஒட்டினால் பிள்ளைக்கு அதுவே ஒரு சுற்றாடல் பாடம்.

சட்டமும் நமக்குப் புதிதல்ல. 2017 செப்டெம்பரில் சமூக, சமய, கலாசார நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரங்கள் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் தடையான பொருட்களின் பட்டியலில் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டோடு பிளாஸ்டிக் பூமாலையும் இருந்தது. "அது பூமாலை, இது இலை மாலை" என்று வாதாடலாம். ஆனால் குப்பைமேட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று 8 வருடங்களில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. அந்தக் குப்பை வானத்திலிருந்து விழவில்லை. பக்கத்து ஊர்களில் இருக்கும் நம்மைப் போன்றவர்களின் வீட்டு வாசலிலிருந்து ட்ரக்டரில் ஏறிப் போனதுதான்.

"ஒரு மாலை சில நூறு ரூபாதானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வாங்கினால் அது உங்கள் காசு, உங்கள் விருப்பம். வகுப்புக்கு வாங்கும்போது கதை வேறு. பிள்ளைக்கு 200 ரூபா என்று கொப்பியில் எழுதி அனுப்பினால், அதைக் கொடுக்க முடியாத ஒரு உம்மா இருப்பார். அந்தப் பிள்ளை அன்று வயிற்றுவலி என்று சொல்லிப் பாடசாலைக்கு வராமல் நிற்கும். ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிறுவர் தினத்தை அலங்கரிக்க ஒரு சிறுவனைத் தலைகுனிய வைப்பதில் என்ன அழகு இருக்கிறது?

அதையே "வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருளை ஒரு நாளைக்கு இரவல் கொண்டு வாருங்கள்" என்று மாற்றிப் பாருங்கள். உம்மம்மாவின் பித்தளைச் செம்பு வரும், வெற்றிலைத் தட்டம் வரும், சாயம் போட்ட பன்பாய் வரும், மீன்கூடை வரும். பாயைச் சுவரில் கட்டினால் அதுவே பின்திரை. அதன் முன்னால் உயரமானது பின்னே, குட்டையானது முன்னே. செம்பில் ஒரு கொட்டம்பாக் கிளை. இது இன்ன வீட்டுப் பொருள், இவ்வளவு காலம் பழையது என்று பிள்ளைகளே எழுதி வைக்கட்டும். வயல் வெட்டும் காலம் வந்தால் நெற்கதிர் வைக்கலாம். அந்தக் கண்காட்சியில் அதிகம் பேசப்படுவது வசதியான வீட்டுப் பொருளாக இருக்காது, மிகப் பழைய வீட்டுப் பொருளாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். அடுத்த பெருநாளைக்குத் திரைச்சீலை, பூ என்று சீட்டுக் காசை எடுக்கும் முன், ஷோகேஸை ஒரு முறை முழுவதும் இறக்கித் துடையுங்கள். பரணில் ஏறிப் பாருங்கள். மறந்துபோன எத்தனையோ சாமான் அங்கே இருக்கும்.

சிறுவர் தினத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆசிரியர்களே, காசு கேட்டுக் கடிதம் எழுதும் முன் இந்த வழியை ஒரு முறை செய்து பாருங்கள். பெற்றோர்களே, கடிதம் வந்தால் இதை நீங்களே வகுப்பாசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடைத்தது என்று கீழே படத்தோடு போடுங்கள், பார்ப்போம்.