பழைய கார்களின் ஏர்பேக் பாதுகாப்பை உறுதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
கார் உரிமையாளர்கள், டாக்சி ஓட்டுநர்கள், ஒர்க்ஷாப் மெக்கானிக்குகள் அடங்கிய சங்கம்,
மைசூரு.

பெறுநர்:
1. போக்குவரத்து ஆணையர், கர்நாடக அரசு, பெங்களூரு.
2. போக்குவரத்து இணை ஆணையர், மைசூரு.
3. வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், மைசூரு மேற்கு (கே.ஏ.-09), மைசூரு கிழக்கு (கே.ஏ.-55).

நகல்: மாவட்ட நிர்வாகம், மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், மைசூரு.

பொருள்: பழைய கார்களில் ஏர்பேக் சோதனை, திரும்ப அழைப்புத் தகவல், போலி உதிரிபாகத் தடுப்பு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காரின் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏர்பேக் அமைப்பில் கோளாறு. எரியவே இல்லையென்றால் சந்தேகம் இன்னும் பெரிது: கோளாற்றைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் யாரோ அணைத்திருக்கலாம். எங்கள் மெக்கானிக் உறுப்பினர்களின் கைக்கு வரும் செகண்ட் ஹேண்ட் கார்களில் இரண்டு வகையும் உண்டு. ஸ்டியரிங்கைத் திறந்தால் உள்ளே ஏர்பேக் இல்லாமல் மேல்மூடி மட்டும் ஒட்டப்பட்ட வண்டிகளும் உண்டு. வாங்கியவருக்கு அது தெரிவதில்லை. தெரியவரும் நாள் விபத்து நாளாக இருந்துவிடக் கூடாது என்பதே இம்மனுவின் நோக்கம்.

புதிய கார்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். முன்பயணி ஏர்பேக் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த ஆண்டு இறுதியிலிருந்தும் கட்டாயமானது. ஆனால் இவையெல்லாம் ஷோரூமிலிருந்து கார் வெளியேறும் நாளுக்கான விதிகள். பத்தாம் ஆண்டில், மூன்றாவது உரிமையாளர் கையில், அதே ஏர்பேக் வேலை செய்யுமா என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

வயதான ஏர்பேக் விரியாமல் போவது ஒரு ஆபத்து. தப்பாக வெடிப்பது இன்னொன்று. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த இன்ஃப்ளேட்டர்களில் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்க, அந்த மருந்து சிதைந்து, விரியும்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்தது. சிறு மோதலில்கூட உலோகத் துண்டுகள் பாய்ந்து உயிர்கள் போயின. 2014-இல் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணி இப்படி இறந்தார். உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் டகாட்டா திவாலானது. இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் 2015 செப்டம்பரில் சிட்டி, சிவிக், ஜாஸ், சி.ஆர்-வி ஆகிய மாடல்களில் 2,23,578 கார்களையும், 2018 ஜனவரியில் மேலும் 22,834 கார்களையும் இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்றித்தர அழைத்தது.

அழைப்பு வந்தது சரி, யாரிடம் வந்தது? கம்பெனியின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரி. கார் அதற்குள் சென்னையிலிருந்தோ மங்களூரிலிருந்தோ மைசூரு வந்திருக்கும். கடற்கரை ஊரின் வெயிலிலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் நின்ற வண்டிக்கு மைசூரின் மிதமான தட்பவெப்பம் காவல் ஆகாது.

திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால் 2021 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். டகாட்டா கோளாறோ வயது ஏற ஏற முற்றுவது. ஆபத்து கூடும் வயதில் சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது.

போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. பல பிராண்டுகளின் பெயரில் போலி ஏர்பேக் தயாரித்த கும்பலை 2024-இல் டெல்லி போலீஸ் பிடித்தது. அசல் பாகத்தின் விலைக்கு அஞ்சுபவர்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது.

2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை திறந்தபின், நகருக்குள் மெதுவாக ஓடிய பழைய கார்களும் வேகச் சாலையில் ஏறுகின்றன. தசராக் கூட்டத்திலும், குண்டலுப்பேட்டை வழியாக ஊட்டி ஏறும் சீசனிலும் பழைய டாக்சிகளை நம்பிக் குடும்பங்கள் பயணம் செய்கின்றன.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

மாநில அளவிலேயே செய்யக்கூடியவை:

1. டாக்சிகளின் எஃப்.சி. சோதனையிலும், 15 ஆண்டு முடிந்த சொந்தக் கார்களின் பதிவுப் புதுப்பித்தலிலும், ஏர்பேக் பொருத்தி வந்த வண்டிகளுக்கு எச்சரிக்கை விளக்கை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஸ்கேனர் சோதனை கேட்க வேண்டும்.

2. பெயர் மாற்றத்தின்போது, ஏர்பேக் உள்ளதா, எப்போதாவது விரிந்து மாற்றப்பட்டதா, திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். செகண்ட் ஹேண்ட் டீலர்களுக்கும் இதே கடமை வேண்டும்.

3. கம்பெனிகளிடமிருந்து நிலுவைச் சேசிஸ் எண்களைப் பெற்று, வாகன் தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, இன்றைய உரிமையாளரின் கைப்பேசிக்குக் கன்னடத்தில் தகவல் அனுப்ப வேண்டும்.

4. போலி ஏர்பேக் விற்பவர்கள் மீதும், விளக்கை ஏமாற்ற ரெசிஸ்டர் பொருத்துபவர்கள் மீதும் காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். கழிவுக்குப் போகும் கார்களின் ஏர்பேக் மீண்டும் சந்தைக்கு வராமல் தடுக்க வேண்டும்.

5. ஏர்பேக் சென்சாரின் வேலையைக் கெடுக்கக்கூடிய முன்பக்க இரும்புக் கம்பிகளுக்கு எதிரான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவுறுத்தலை முழுமையாக அமல்படுத்த வேண்டும்.

மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டியவை:

6. ஏர்பேக் போன்ற உயிர்காக்கும் பாகங்களுக்கு 7 ஆண்டு வரம்பை நீக்க வேண்டும்.

7. நிலுவையிலுள்ள இன்ஃப்ளேட்டர் மாற்றத்தை, வண்டியின் வயதோ உரிமையாளரோ எதுவானாலும், இலவசமாகவே செய்து தரக் கம்பெனிகளைப் பணிக்க வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர். ஆதலால் ஏர்பேக் கோளாறுக்காக உடனே அபராதமோ பதிவு ரத்தோ வேண்டாம். சரிசெய்யத் தவணை தர வேண்டும். ஏர்பேக் இல்லாமலே விற்கப்பட்ட பழைய மாடல்களை இதன் பெயரால் தொந்தரவு செய்யவும் கூடாது. அவற்றுக்கு சீட் பெல்ட்டே காவல். ஏர்பேக் இருந்தாலும் பெல்ட் இல்லையேல் முழுப் பயன் இல்லை என்பதையும் மக்களிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கையும் எழுதித் தருகிறோம். உறுப்பினர் ஒர்க்ஷாப்புகளில் ஏர்பேக் விளக்கை அணைத்துத் தரும் வேலையை எவரும் செய்ய மாட்டோம். பில் இல்லாத ஏர்பேக்கைப் பொருத்த மாட்டோம். ஆர்.டி.ஓ. அலுவலக வளாகத்தில் இடம் ஒதுக்கினால், தசராவுக்கு முன் இலவச விளக்குச் சோதனை முகாம் நடத்தித் தருகிறோம்.

இக்கோரிக்கைகள் குறித்து நேரில் பேச ஒரு நாள் ஒதுக்கி, எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்
இடம்: மைசூரு

இணைப்பு: இம்மனுவின் கன்னடப் படி.