பறக்கும் விதையும் பறிபோகும் நாட்பேரும்

தரம் 4 பிள்ளைகளைச் சுற்றாடல் பாடத்துக்காகப் பாடசாலைக்குப் பின்னாலுள்ள தேயிலை மலைக்குக் கூட்டிப் போனோம். ஊதா நிறத்தில் குஞ்சம்போல் பூக்கும் முயல்செவிச் செடியை ஒரு பிள்ளை பிடுங்கி, பஞ்சாகிப் போன தலையை ஊதினாள். விதைகள் லயத்துப் பக்கமாகப் பறந்தன. "சேர், இதைத்தானே எங்கம்மா நாளெல்லாம் பிடுங்குறாங்க" என்றாள். அன்று பாடம் அங்கேயே தொடங்கியது.

வெள்ளைக்காரர் நாட்டில் டேன்டிலயன் என்று ஒரு மஞ்சள் பூ உண்டு. முயல்செவியும் அதே சூரியகாந்திக் குடும்பம்தான். டேன்டிலயன் விதையின் பஞ்சுக்கு மேலே காற்று ஒரு வளையமாகச் சுழன்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தார்கள். அந்தச் செடிக்கு ஆழமான கிழங்கு வேர். மேலே வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். நம்முடைய முயல்செவி அப்படியல்ல. மழைக்கு முளைத்து, சில வாரங்களில் பூத்து, விதையைக் காற்றில் விட்டுச் செத்துப் போகும். வேரும் லேசானது. பூக்குமுன் பிடுங்கினால் கையோடு வந்துவிடும்.

நாம் சொல்ல வருவது இதைத்தான். புல்லுக்கும் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. பூக்குமுன் ஆள் போட்டால் அடுத்த முறை வேலை பாதி. செலவு மிச்சம் என்று ஒரு முறையைத் தள்ளிப் போட்டால், விதை பக்கத்து மலைக்கும் போய்விடும். பிறகு காடு மண்டிய மலையில் அட்டைக்கும் பாம்புக்கும் குளவிக்கும் நடுவே கொழுந்தெடுப்பது யார்? நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படுவது யாருக்கு?

மருந்தடித்தால் போதாதா என்பார்கள். கிளைபோசேட்டை அரசாங்கம் 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. 2021இல் உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருடம் நவம்பரிலேயே பின்வாங்கியது. கொழும்பில் முடிவு மாறும்போதெல்லாம் இங்கே ஒருநாள் முதுகில் மருந்துத் தாங்கி, மறுநாள் கையில் சொரண்டி. சொரண்டியால் சரிவைச் சுரண்டினால் புல்லோடு மேல்மண்ணும் மழையில் ஓடிவிடும். ஹந்தானைப் பக்கத்துச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

(முயல்செவியைக் கீரையாகச் சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈரலைப் பாதிக்கும் பொருள் அதில் உண்டு. அடிக்கடி வேண்டாம்.)

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் மூன்றைக் கேட்கிறோம். புல்லெடுப்பைக் கொந்தரப்புக்கு விடாமல் தோட்டத்து ஆட்களுக்கே முழு நாட்பேரில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் புல்லெடுக்கும் திகதியை மஸ்டரில் எழுதி ஒட்ட வேண்டும். திகதி தவறிய மலையில் கொழுந்து நிறையைக் காட்டிச் சம்பளம் வெட்டக் கூடாது. தலைவிமார் தங்கள் மலைகளில் கடைசியாக எப்போது புல்லெடுத்தார்கள் என்பதை இந்த வாரமே குறித்துக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளிடம் கொப்பி இருக்கிறது, எழுதித் தருவார்கள்.