ஷெட்டில் தூங்கும் பைக்... காயலான் கடைக்கு அனுப்பும் முன் கார்புரேட்டரைக் கழுவிப் பாருங்கள்!

பையன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பான். அல்லது வீட்டுக்குப் புது ஸ்கூட்டர் வந்திருக்கும். அதுவரை தினமும் ஓடிய பழைய பைக், போர்ட்டிகோ மூலையில் துணி போர்த்தி நிற்க ஆரம்பித்துவிடும். எட்டு மாதம் கழித்து அவசரத்துக்கு எடுத்தால், கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிப்பதுதான் மிச்சம். 'இன்ஜின் போச்சு' என்று முடிவுகட்டி, கேட்ட விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் நிறைய பேர். ஆனால், இப்படி நின்றுபோன பல வண்டிகளில் இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கார்புரேட்டருக்குள் ஊசிமுனை அளவுள்ள ஓர் ஓட்டை அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு தயாரான பெரும்பாலான டூ வீலர்களில் கார்புரேட்டர் கிடையாது, ஃபியூல் இன்ஜெக்‌ஷன்தான். அதற்கு முந்தைய பைக், மொபெட், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவைக்கு இந்தத் தொல்லை உண்டு. ரிசார்ட்டுகளில் ஓடும் ஏடிவி, வீட்டு பெட்ரோல் ஜெனரேட்டர், புல்வெட்டும் மெஷின் என எது நாள்கணக்கில் சும்மா நின்றாலும் கதை இதேதான்.

நின்றால் என்ன ஆகும்?

கார்புரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. வண்டியை நிறுத்திய பிறகும் அதில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், லேசாக ஆவியாகும் பகுதி பறந்துவிடும்; மிச்சம் பிசின் மாதிரி படிந்துவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனாலும் சேர்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, டேங்க்கையும் கார்புரேட்டரையும் அரிக்கும்.

முதலில் அடைபடுவது பைலட் ஜெட். மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஜெட்' என்பதும் இதைத்தான். ஐடிலிங்கில் பெட்ரோல் தருவது இதுதான். இதன் ஓட்டை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

வண்டியே சொல்லும் அறிகுறிகள்

* சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் நிற்கிறது: பைலட் ஜெட் அடைப்பாக இருக்கலாம்.
* ஐடிலிங்கில் ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் திக்குகிறது: மெயின் ஜெட்டைப் பாருங்கள்.
* அடியிலுள்ள டியூப் வழியாகப் பெட்ரோல் ஒழுகுகிறது: ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை.
* கிண்ணத்தின் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்தும் சொட்டுகூட வரவில்லை: பெட்ரோல் காக் அல்லது அதன் வடிகட்டியில் அடைப்பு, அல்லது ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் டேங்க்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். துரு தெரிந்தால் டேங்க்கைக் கழுவாமல் மேலே போக வேண்டாம். பெட்ரோல் டியூப் விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, ஏர் ஃபில்டரில் எலி, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட்டு, புது பெட்ரோல் ஊற்றி உதையுங்கள். லேசான படிவு என்றால் வண்டி இதிலேயே உயிர் பிடித்துவிடும்.

பிடிக்கவில்லையா? கார்புரேட்டரைக் கழற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே முறுக்கி எத்தனை சுற்று போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே அளவு வெளியே எடுத்தால் போதும்.

ரப்பர் பாகங்களைத் தனியே எடுத்துவிட்டு, ஜெட்களிலும் அவை போகும் துவாரங்களிலும் கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள். பஞ்சர் கடையில் காற்று பிடித்து ஊதினால் இன்னும் நல்லது. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வட்டமான துளி வெளிச்சம் தெரிய வேண்டும். அவசரப்பட்டு ஊக்கு, குண்டூசியை நுழைக்கக் கூடாது. ஜெட் பித்தளை, ஓட்டை பெரிதானால் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். கேஸ்கெட் நைந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், 'புது கார்புரேட்டர் போடணும்' என்றால், 'முதல்ல கழுவிப் பாருங்கண்ணே' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் சமையலறை, பூஜை விளக்கு பக்கம் இந்த வேலை கூடாது. வெட்டவெளியில், சூடு ஆறிய வண்டியில் மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிளீனர் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து; கண்ணாடி அணியுங்கள். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ, செடிகளுக்கு அருகிலோ ஊற்றக் கூடாது. மூடியுள்ள கேனில் ஊற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் உடனே ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். பிரேக், டயர், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கையும் பாருங்கள். பதிவு செய்து 15 ஆண்டுகள் தாண்டியிருந்தால், ஆர்.சி புதுப்பித்தாக வேண்டும்.

அடுத்த முறை மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்களா? பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காக்கை மூடும் வசதி இல்லாத ஸ்கூட்டர் என்றால், டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கிண்ணத்தை வடித்துவிடுங்கள். கிண்ணம் காய்ந்திருந்தால் பிசின் பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. ஐந்து நிமிட வேலைதான். திரும்பி வரும்போது வண்டி உங்களைத் தள்ளவிடாது.