தூண்டில் நரம்பு

சென்ற வாரம் கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் முன்னொரு காலத்தில் நம்மிடம் பௌதிகம் படித்தவர்; இப்பொழுது அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறார். அவ்வூர் நண்பர்களுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடக் கற்று வருகிறாராம். அவர்கள் நாடுவது பெருவாய் பாஸ் என்னும் மீனை.

"முதலில் கடையிலே மிகத் தடித்த நரம்பாகப் பார்த்து வாங்கினேன், தெளிந்த நீரில் ஒரு மீனும் அதை நெருங்கவில்லை. பிறகு மிக மெல்லியதை வாங்கினேன். பெரிய மீன் ஒன்று கவ்விக்கொண்டு அல்லி இலைகளுக்குள் பாய்ந்தது. நரம்பு அறுந்தது. வாயில் முள்ளுடன் மீன் போய்விட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த நரம்பை வாங்குவது, ஸார்?" என்று கேட்டிருக்கிறார்.

நாம் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. ஆயினும், மாணவன் தூக்கத்தை இழந்து கேட்கும் கேள்விக்கு விடை தேடாமல் இருப்பது உபாத்தியாயருக்கு அழகன்று. நூல்களையும் அநுபவஸ்தர்களையும் விசாரித்தோம். கேள்வி நாம் நினைத்ததைவிடச் சுவையுள்ளதாக இருந்தது.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது. பாஸ் திறந்த வெளியில் இரையைத் துரத்தித் திரிவதைவிட, மறைவில் காத்திருந்து பாய்வதையே விரும்புகிறது. அல்லி இலையின் நிழல், மூழ்கிய மரக்கிளை, பாசிப் புதர் ஆகியவையே அதன் கோட்டை. முள் தைத்ததும் அது ஓடுவதும் அக்கோட்டைக்குள்தான். இதே ஜார்ஜியாவில் 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜ் பெர்ரி என்ற குடியானவ இளைஞர் பிடித்த பாஸ் 22 ராத்தல் 4 அவுன்ஸ் இருந்தது. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாகப் பிடித்தார். இருவருமே உலக சாதனைக்கு உரியவராகக் கருதப்படுகின்றனர்.

பெர்ரியின் காலத்தில் தேர்ந்தெடுக்கும் சங்கடம் இவ்வளவு இல்லை. பட்டுக் கயிறு உண்டு. அன்றன்று அவிழ்த்து உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். நைலான் என்ற இழை 1938-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டதும் பட்டின் ஆட்சி சரியத் தொடங்கியது. 1971-இல் ஜப்பானியர் புளோரோகார்பன் நரம்பைக் கொண்டுவந்தனர். 1990-களில் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய நரம்பு வந்து சேர்ந்தது. இன்று கடையில் போட்டியிடுபவை இம்மூன்றுமே.

நைலான் இழுத்தால் நீண்டு கொடுக்கும். மீன் திடீரெனத் திமிறும்போது அந்த அதிர்ச்சியைத் தானே ஏற்றுக்கொள்ளும். விலையும் குறைவு. ஆனால் நீரை உறிஞ்சிச் சிறிது வலுக்குறையும், வெயிலிலும் நலியும்.

புளோரோகார்பன் நீரினும் ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தியுள்ளது, ஆகவே மூழ்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீருக்கு 1.33, நைலானுக்குச் சுமார் 1.53. கிளிசரினில் விட்ட கண்ணாடிக் கோல் கண்ணுக்கு மறைந்த வேடிக்கையை வகுப்பில் காட்டினோமே, அதே தத்துவந்தான்: எண்கள் நெருங்க நெருங்கப் பொருள் மறையும். முற்றும் மறையாவிட்டாலும், தெளிந்த நீரில் இதுவே மீனின் கண்ணை உறுத்தாதது.

பின்னிய நரம்பு மிதக்கும், சற்றும் நீளாது, 50 ராத்தல் தாங்குவது 12 ராத்தல் நைலானின் பருமன்தான் இருக்கும். பாசியையும் இலைக்காம்பையும் அறுத்துக்கொண்டு வரும். ஆனால் தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும்; கூரிய பாறையில் உரசினால் தேய்ந்து அறும்.

எனவே, எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்த நீருக்கு என்று கேட்க வேண்டும். தெளிந்த திறந்த நீருக்கு 8 முதல் 12 ராத்தல் வரையுள்ள புளோரோகார்பன். அல்லியும் பாசியும் அடர்ந்த கரைக்கு 50 ராத்தல் பின்னிய நரம்பு. நீர்மேல் மிதக்கும் போலி இரைக்கு 12 முதல் 15 ராத்தல் நைலான். மூழ்கும் புளோரோகார்பனை மிதக்கும் இரையில் கட்டினால் அது இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். நமது மாணவர் தெளிந்த நீருக்குத் தடித்ததையும் அல்லிக் கரைக்கு மெல்லியதையும் கொண்டுபோனார். நரம்பு இரண்டும் நல்லவையே, இடந்தான் மாறிப்போயிற்று.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் ஆட்டிப் பிடிப்பதே வீரம் என்று எண்ணுவோர் உண்டு. பாஸ் பிடிப்போரிற் பலர் மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். அந்நாட்டுப் பந்தயங்களிலும் 1972 முதல் அவ்வழக்கம் பரவியது. ஆனால் நெடும்போரில் களைத்த மீன், விட்ட பின்னும் பிழைக்காமற் போகலாம். தக்க வலுவுள்ள நரம்பு மீனை விரைவில் கரைசேர்க்கும். விரைவில் விடுவிக்கவும் உதவும். இங்கே வலுவே தயை.

அறாமற் காப்பதற்கு இரண்டு சிறு பழக்கங்கள் போதும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி இரண்டு மூன்று அடியை விரலிடையில் உருவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்புத் தட்டினால் அவ்வளவையும் வெட்டி எறிந்து —

இல்லை, எறியக் கூடாது! பட்டு மக்கிப்போனது அன்று குறையாகத் தோன்றியது. இன்றைய நரம்போ மக்குவதே அரிது. நீரில் விட்ட ஒரு முழத் துண்டு பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பல படகுத்துறைகளில் பழைய நரம்பைப் போடுவதற்கென்றே குழாய்கள் நட்டிருக்கின்றனர். அவை இல்லாத இடத்தில் சட்டைப்பை இருக்கிறது.

தம்பி, அன்றிரவு உனக்குத் தூக்கம் வராததைக் குறித்து வருந்தாதே. அறுந்துபோன நரம்பைப் பற்றி நினைப்போர் பலர். அதன் மறுமுனையில் இருந்த மீனை நினைத்தவன் நீ. அடுத்த ஞாயிறு கடைக்குப் போகுமுன் குளக்கரைக்குப் போய்ச் சற்று நின்று, நீரைப் பார். எந்த நரம்பு வேண்டுமென்று அதுவே சொல்லும்.