பக்கவிளைவும் சாதியும்: ‘மருந்தை விட்டவர்’ என்னும் பழி யாருடையது?

காசநோய்ச் சிகிச்சையை இடையில் நிறுத்தியவரை மருத்துவப் பதிவேடுகள் நெடுங்காலம் ‘டீஃபால்ட்டர்’ என்றே குறித்துவந்தன. கடனைத் திருப்பிச் செலுத்தாதவருக்கு வங்கி சூட்டும் அதே பெயர். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அச்சொல்லைக் கைவிட்டு, ‘தொடர்பு விடுபட்டவர்’ என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியது. ஆயினும் ‘குடிகாரர்’, ‘பொறுப்பற்றவர்’, ‘சொன்னால் கேளாதவர்’ என்ற வசைகள் சேரிக்கும் காலனிக்கும் வரும்போது இன்றும் தாராளமாகவே வருகின்றன. அவர் மருந்தை ஏன் நிறுத்தினார் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை.

அக்கேள்விக்கான விடைகளுள் முதன்மையான ஒன்று, மருந்தின் பக்கவிளைவு. வழக்கமான காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன. ரிஃபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் செம்மஞ்சள் நிறமாக்கும். இது தீங்கற்றது. ஆனால், முன்கூட்டிச் சொல்லப்படாதவர் அதை இரத்தம் என்றே அஞ்சுவார். பைராசினமைடு மூட்டுவலியைத் தரும். எத்தாம்பூட்டால் பார்வையை மங்கச் செய்து, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமல் ஆக்கக்கூடும். ஐசோனியாசிட் கைகால்களில் எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்கும். எத்தாம்பூட்டால் நீங்கலாக மற்ற மூன்றும் கல்லீரலைத் தாக்க வல்லவை.

இவை எல்லா உடல்களையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. ஐசோனியாசிட்டால் வரும் நரம்புப் பாதிப்பு, ஊட்டக்குறைவுள்ள உடலில் எளிதாகத் தலைதூக்குகிறது. அதைத் தடுக்க, விலை மிகக் குறைந்த பி6 வைட்டமின் மாத்திரை போதும். பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் ஊட்டக்குறைவு மிகுந்திருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. நிலமும் கூலியும் உணவும் மறுக்கப்பட்ட வரலாறு, மாத்திரையை விழுங்கிய பிறகும் உடலுக்குள் தொடர்கிறது என்பதே இதன் பொருள். கைகால் மரத்துப்போன தூய்மைப் பணியாளர் எப்படித் துடைப்பத்தைப் பிடிப்பார்? மூட்டு வீங்கிய விவசாயக் கூலி எப்படி நாற்று நடுவார்? மருத்துவமனையில் ஒரு நாள் காத்திருந்தால் அன்றைய கூலி போகும். மருந்தை நிறுத்தினால் உடனே வலி குறைகிறது, வேலைக்கும் போக முடிகிறது. அந்த முடிவு உயிருக்கே ஆபத்தானது. ஆனால் அதன் பின்னே ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கை எழுதியவர் நோயாளி அல்லர்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் இந்தக் கணக்கு இன்னும் கொடியது. கனாமைசின் ஊசி பலருடைய செவித்திறனை நிரந்தரமாகப் பறித்தது. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலேயும் அவ்வாறு செவித்திறனை இழந்தவர்கள். நாட்டு எல்லைகளைத் தாண்டி இருவரும் இணைந்து, ஊசிக்கு மாற்றாக வந்த பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நீட்டிக்க முயன்றதை எதிர்த்து 2019இல் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தை அணுகினர். 2023 மார்ச்சில் அந்நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதற்கிடையே, கனாமைசினை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் அறிவித்திருந்தது. பாதிக்கப்பட்டவர் வாய்திறந்தால் பக்கவிளைவு ஓர் அரசியல் கேள்வியாக மாறும் என்பதற்கு இப்போராட்டம் சான்று.

நாம் பேசத் தயங்கும் இன்னொரு பக்கவிளைவும் உண்டு. தொழுநோய்க்கும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் தரப்படும் குளோஃபாசிமின் தோலைக் கருமையாக்கும். மருந்து முடிந்த பின்னரே அந்நிறம் மெல்ல மெல்ல மறையும், அதற்குப் பல மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். நிறத்தை வைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கும் சமூகத்தில், திருமண வயதுப் பெண்ணுக்கு இது வெறும் ‘ஒப்பனைச் சிக்கல்’ ஆகாது. நோயை மறைத்தவர் நிறத்தை மறைக்க இயலாமல் தவிக்கிறார். இதை மருத்துவர் முன்கூட்டியே எடுத்துரைத்து, குடும்பத்தாருக்கும் விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதியே.

அரசு என்ன செய்கிறது? மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது, 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு, நோயாளிகள் தொடக்கத்திலேயே எடை கூடினால் இறப்பு குறைவதைக் காட்டியது. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. உணவும் மருந்தே என்பது அறிவியலால் நிறுவப்பட்டுவிட்டது. ஆயின், இழந்த கூலிக்கு ஈடு எங்கே? சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் கல்லீரல், கண் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே எல்லோருக்கும் கிடைக்க வேண்டாமா?

பக்கவிளைவைப் பதிவுசெய்ய இந்திய மருந்து விழிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியோ உறவினரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தாமே தெரிவிக்கலாம். தமிழிலும் படிவம் உண்டு. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உள்ளன. ஆனால் நம் குடியிருப்புகளில் இந்த எண்ணை அறிந்தவர் எத்தனை பேர்? பதிவாகாத துன்பம் அரசின் கண்ணில் துன்பமே அன்று. தலித் உடல்கள் படும் பாடு இப்படித்தான் புள்ளிவிவரங்களுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஆகவே, களத்தில் நிற்கும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்கல், காது இரைச்சல், கைகால் மதமதப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை வீடுதோறும் சொல்வோம். மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது, மருந்துக்குக் கட்டுப்படாத நோய்க்கு வழிவிடும். மருந்தை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ, சில நாள் நிறுத்தி மீண்டும் தொடங்கவோ மருத்துவரிடம் வழிகள் உண்டு. துணைக்கு ஒருவர் உடன் சென்றால், அலட்சியமாகப் பேசுபவரும் பதில் சொல்லியாக வேண்டும். தேவையானால் அங்கேயே படிவத்தை நிரப்பிக் கொடுப்போம்.

‘ஏன் மருந்தை விட்டாய்?’ என்று நோயாளியைக் கேட்கும் மருத்துவ அமைப்பிடம், ‘பக்கவிளைவு வரும் என்று அவரிடம் சொன்னீர்களா? வந்தபோது அவர் சொன்னதைக் கேட்டீர்களா?’ என்று திருப்பிக் கேட்பது நம் கடமை.