குதிரைக்கு உதகை, கூலிக்காரனுக்கு வெயிலா?

சித்திரை மாதம் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை வேளையில் நின்று பாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து மின்சார ரயிலிலிருந்து இறங்கும் தொழிலாளிக்கு வீட்டில் உறக்கம் கிடையாது. தகரக் கூரை அதற்குள் காயத் தொடங்கிவிடும். நமது சங்கக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, "கோடையில் பத்து நாள் சம்பளத்தோடு லீவும், மலையில் குடும்பத்தோடு தங்க ஓர் இடமும் கேட்டால் என்ன?" என்றார். இதைக் கேள்விப்பட்ட சில கனவான்கள் சிரிக்கிறார்கள். "கூலிக்காரனுக்கு ஊட்டி கேட்கிறதோ?" என்கிறார்கள்.

கேட்கிறது, ஐயா! ஏன் கேட்கக் கூடாது?

வெள்ளைக்கார கவர்னர் கோடைதோறும் சென்னை சர்க்காரையே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறினார். கிளப், வேட்டை, குதிரைப் பந்தயம், 1896 முதல் மலர்க் கண்காட்சி என்று துரைமார்களுக்குப் பொழுது போயிற்று. அதே நீலகிரியின் மேற்கே, கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் காடுகளில் நடந்தது வேறு கதை. அங்கே பணியரும் குறும்பரும் ஆற்றுமணலை அலசிப் பொன்துகள் எடுத்து வந்தார்கள். 1879-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ப்ரோ ஸ்மித் என்ற நிபுணர் வந்தார். பாறையில் பொன் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அவ்வளவுதான், இரண்டு வருஷத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. 40 லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம் என்று காகிதத்தில் எழுதிப் பங்கு விற்றார்கள். காட்டுக்குள் பங்களாக்களும் ஹோட்டலும் எழுந்தன. பொன்னோ சொற்பம். சில வருஷங்களில் குமிழி உடைந்தது. பங்கு விற்றவன் பணத்தை மடியில் முடிந்துகொண்டான். பாறை உடைத்தவனுக்கு மலைக்காய்ச்சல் மிஞ்சியது.

இன்று அந்தப் பந்தலூர் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர், 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் மக்களும். 'சீசன்' வருகிறது என்றால் அவர்களுக்கு என்ன? முதுகில் அதே கூடைதான்.

இனி குதிரை விஷயத்துக்கு வருவோம். உதகையின் நடுவே 52 ஏக்கர் பந்தய மைதானம். குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசாங்கமே கணக்குச் சொல்லி, 2024 ஜூலையில்தான் அதைக் கைப்பற்றியது. (நாம் கரண்டு பில் கட்டத் தவறினால் எத்தனை நாள் பொறுக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.)

கூட்டத்தை மலை தாங்காது என்கிறார்கள். மெய்தான். அதற்காகத்தான் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. ஆனால் மலையின் கழுத்தை நெரிப்பது யார்? ஆளுக்கொரு காரும் சொகுசு விடுதிகளும்தானே! அரசு பஸ்ஸில் ஏறி வருகிறவனுக்கு அந்தப் பாஸே தேவையில்லை. அவனைத் தடுப்பது கோர்ட் அல்ல, கூலி.

லீவு என்பது யாரும் போடும் பிச்சையும் அல்ல. 240 நாள் உழைத்தவனுக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பளத்தோடு லீவு என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. முதலாளி என்ன செய்தான்? 240 எட்டுவதற்குள் ஆளை நிறுத்திவிட்டு, வேறொரு காண்டிராக்டர் பெயரில் மறுபடி சேர்த்தான். வயலில் நாற்று நடும் நம் சகோதரிக்கோ அந்தக் காகிதச் சட்டம்கூட இல்லை. வேலையில்லாத நாள்தான் அவளுக்கு லீவு நாள், அன்று அடுப்புக்கும் லீவு!

1936-ல் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளிகளையும் இப்படித்தான் பரிகசித்தார்கள். அவர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் மாதமே இரண்டு வாரச் சம்பள லீவு சட்டமாயிற்று. ஆகஸ்டில் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகையும் வந்தது. அந்தக் கோடையில்தான் பல்லாயிரம் குடும்பங்கள் முதன்முதலாகக் கடலையும் மலையையும் பார்த்தன.

நாம் கேட்பதும் இதுதான். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் கோடையில் சம்பளத்தோடு லீவு கொடு. ரயிலிலும் பஸ்ஸிலும் பாதிக் கட்டணம் வை. உதகையில் தொழிலாளர் தங்கும் விடுதி கட்டு. அதில் முதல் அறையைப் பந்தலூர்க் கொழுந்துக்காரிக்குக் கொடு.